லேட்டு பாடும் இடம்

அந்த வீட்டில் எல்லாமே ஊருக்குக் கொஞ்சம் முன்னால் நடக்கும். ஒரு டீ குடிக்கிற நேரம் முன்னால். அடுப்பில் தண்ணீர் கொதிப்பதும், மெக்கானிக் முகம் மழிப்பதும், அவனுடைய அப்பா திரையை விலக்கி ஆற்றுப் பக்கம் பார்ப்பதும் அப்படித்தான். சமையலறைக் கதவுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரம் அதற்குக் காரணம். அது பழுதான கடிகாரம் இல்லை. வேண்டுமென்றே ஒருவர் முன்னால் தள்ளி வைத்தது.

தள்ளி வைத்தவர் அப்பாதான். பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு விசில் ஊதி பஸ்களைக் கிளப்பிவிட்டவர். அவருடைய விசிலுக்குப் பயந்து டிரைவர்கள் டீயை நின்றுகொண்டே குடிப்பார்கள், பாதியைக் கீழே ஊற்றிவிட்டு ஓடுவார்கள். தெருவில் அவரை எல்லாரும் 'டைம்' என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு வந்து வாய்த்த மருமகள்தான் லேட்டு.

லேட்டு என்பது தையல் கூடத்தில் வைத்த பேர். கல்யாணத்தைப் பதிவு செய்யும் ஆபீசுக்கே அவள் பிந்தித்தான் வந்தாள். வழியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் பூனை குட்டி போட்டுக்கொண்டிருந்ததாம், கடைசிக் குட்டி வரும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தாளாம். டைம் அன்றைக்கே தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் சொல்லிவிடுவாள், "லேட்டாயிடுச்சு மாமா, திட்டாதீங்க."

அவர் திட்டுவார். அவள் அடுப்பைப் பற்ற வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் திட்டி முடிக்கிற நேரத்துக்கு அவர் கையில் டீ இருக்கும். இதில் இரண்டு பேருக்குமே ஒரு சந்தோஷம் இருந்தது என்று சொன்னால் டைம் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அவள் ஊருக்குப் போயிருந்த நாட்களில் அவர் சாயங்காலம் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்ததை மெக்கானிக் பார்த்திருக்கிறான்.

திட்டிப் பலனில்லை என்று தெரிந்ததும்தான் அவர் ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைத் தள்ளி வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. அவர் மட்டும் மனதுக்குள் ஒரு டீ நேரத்தைக் கழித்துக்கொண்டு பார்ப்பார்.

இப்போது லேட்டு இல்லை. அவள் போய் ஒரு வருஷம் நெருங்கிவிட்டது. கடிகாரத்தை யாரும் தொடவில்லை.

ஆற்றிலிருந்து பனி ஏறி வருகிற காலைகளில் டைம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். எதிர்க்கரை தெரியாது. பாலம் பாதியில் நின்றுவிடும், மீதிப் பாதி வெள்ளையாக எங்கோ போகும். அப்போது அவருக்கு ஒரு நினைப்பு வரும். இந்த வீட்டுக்குள்தானே மணி முன்னால் ஓடுகிறது, வெளியே ஊரில் இன்னும் அந்த நேரம் வரவில்லை. அங்கே இன்னும் ஒரு டீ நேரம் பாக்கி இருக்கிறது. பனிக்குள் அவள் அந்தப் பாலத்தின் இந்தப் பக்கம்தான் நடந்துகொண்டிருக்கிறாள், யாராவது ஓடிப்போய்க் கூப்பிட்டால் திரும்பிவிடுவாள். இது கிறுக்குத்தனம் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் அந்த நினைப்பை விட மனம் வராமல் பனி விலகும்வரை உட்கார்ந்திருப்பார்.

"அப்பா, டீ ஆறுது."

"ஆறட்டும்."

அப்பனும் மகனும் அந்த வருஷம் முழுக்கப் பேசியதில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

தையல் கூடம் ஆற்றங்கரைத் தெருவின் கடைசியில் இருந்தது. நீளமான கூடம், உயரமான ஜன்னல்கள், மிதித்து ஓட்டும் மெஷின்கள் வரிசை வரிசையாக. வெயில் உள்ளே விழும் நேரத்தில் பஞ்சுத் தூசு மெதுவாக மிதந்து இறங்கும். பெண்கள் வீட்டுக்குப் போகும்போது எல்லார் தலையும் நரைத்திருக்கும். மெக்கானிக் எண்ணெய்க் குப்பியும் திருப்புளியுமாக வரிசைகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருப்பான். அவனுக்கு அந்தப் பெண்களை முகத்தைவிடக் காலை வைத்துத்தான் நன்றாகத் தெரியும். லேட்டைக்கூட முதலில் அப்படித்தான் தெரிந்துகொண்டான். செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு வெறுங்காலால் மிதிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

ஜன்னல் வரிசைக்கு ஒரு பாட்டு உண்டு. யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. உட்கார்ந்திருக்கிற வரிசைப்படி ஆளுக்கு ஒரு வரி. மிதிக்கிற சத்தம்தான் தாளம். முதல் மெஷினில் பட்டன் தைக்கிறவள், "நூலே நூலே எங்க போறே" என்று எடுப்பாள். அடுத்தது குண்டக்கா, "கிழிஞ்ச சட்டை தைக்கப் போறேன்" என்பாள். மூன்றாவது லேட்டு. "கொஞ்சம் நில்லு, நானும் வரேன்." நாலாவது ஊசி. ஆள் ஒல்லி, வாய் கூர்மை, அதனால் ஊசி. அவள் வரி, "ஊசிக் காது வழியா கூட்டிப் போறேன் வா." பிறகு எல்லாரும் சேர்ந்து, "போலாம் வா, போலாம் வா." அவ்வளவுதான் பாட்டு. காலையிலிருந்து சாயங்காலம்வரை சுற்றிச் சுற்றி அதுவே ஓடும். படுத்த பிறகும் காதுக்குள் ஓடும்.

எல்லையில் சண்டை வந்ததும் படுக்கை விரிப்பும் பள்ளிக்கூடச் சட்டையும் தைப்பது நின்றது. முதலில் பட்டாளத்துச் சட்டை வந்தது. தைத்தார்கள். பிறகு மணல் மூட்டைக்குப் பை. அதையும் தைத்தார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. பிறகு ஒரு நாள் கறுப்பாக, கெட்டியாக, ஆள் நீளத்துக்கு ஒரு பை தைக்கச் சொன்னார்கள். நீளமான ஜிப் வைக்க வேண்டும். குளிரில் படுத்துத் தூங்குவதற்கு என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் மும்முரமாகத் தைத்தார்கள். சாப்பாட்டு வேளையில் லேட்டு ஒரு பையைத் தரையில் விரித்து உள்ளே படுத்துப் பார்த்தாள்.

"ஏய், நல்லாத்தான் இருக்கு. என்னை இப்படியே விட்டுடுங்க, நாளைக்கு எழுப்புங்க."

"நாளைக்கும் லேட்டாதான் எழுந்திருப்பே" என்று ஊசி ஜிப்பை இழுத்தாள். அது கழுத்தைத் தாண்டியது. தாடையைத் தாண்டியது. நெற்றிவரை மூடிக்கொண்டது.

உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஊசி சட்டென்று ஜிப்பைத் திறந்தாள். லேட்டு எழுந்து உட்கார்ந்து, அந்த ஜிப்பையே பார்த்துக்கொண்டு கேட்டாள், "ஏன்டி, தூங்குறவனுக்கு முகத்துக்கு மேல எதுக்கு ஜிப்பு?"

அது தூங்குவதற்கான பை இல்லை என்று எல்லாருக்கும் அப்போதுதான் உறைத்தது. குண்டக்காவின் மகன் அப்போது எல்லையில் இருந்தான். அவள் கையிலிருந்த ரொட்டியைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடினாள். அன்றைக்குச் சாயங்காலம்வரை கூடத்தில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. மறுநாள் பாட்டு எடுத்தபோது குண்டக்கா தன் வரியை மாற்றியிருந்தாள். கிழிஞ்ச சட்டை, கிழிஞ்ச ஊர் ஆனது.

சண்டை வேண்டாம் என்று ஊர்வலம் போவதாக முடிவானது. தையல் கூடமே திரண்டது. அச்சகத்துக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ரொட்டிக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் காலையில் லேட்டு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் ஏதோ குருவியைப் பார்த்து நின்றாள். டைமுக்குப் பொறுக்கவில்லை.

"மணியைப் பாரு. ஊர்வலத்துக்காவது நேரத்தோட போயேன்மா."

அவள் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு, "சரி மாமா, இன்னிக்கு உங்க பேரைக் காப்பாத்துறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நேரத்தோடு போனதால் முன் வரிசையில் இடம் கிடைத்தது. பாலத்தில் துப்பாக்கிகள் நின்றன. பாடிக்கொண்டு போனவர்களைப் பார்த்துச் சுட்டார்கள். நாலு பேர் செத்தார்கள். லேட்டு, துணி வெட்டுகிற மாஸ்டர், இஸ்திரிக்காரர், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன்.

டைம் அதை ஒரே வரியில் மனதில் எழுதி வைத்திருந்தார். தினம் போல் லேட்டாகப் போயிருந்தால் அவள் கடைசியில் நின்றிருப்பாள். கடைசியில் நின்றவர்கள் எல்லாரும் வீடு திரும்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூறலாக இருந்த ஒரு நாள், ஊசியும் பாட்டு டீச்சரும் வந்தார்கள். பாட்டு டீச்சர் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லித் தருகிறவள். செத்துப்போன கல்லூரிப் பையனுக்கு அக்கா. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மெக்கானிக் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"வருஷம் வருது" என்றாள் ஊசி. "பேச்சு ஒண்ணும் வேண்டாம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. பேசினா அழுகைதான் வரும், இல்லாட்டி சண்டை வரும். நம்ம பாட்டைப் பாடலாம்னு இருக்கோம். கூடத்துலயே. மெஷின்ல உக்காந்து, நூல் கோக்காம, மிதிச்சுக்கிட்டே."

"டீச்சர்தான் சொல்லித் தராங்களா?" என்றான் மெக்கானிக்.

"அவங்க பாட்டுதானே அது, நான் என்ன சொல்லித் தர்றது" என்றாள் டீச்சர். "நாலு பேர் பேரும் வர்ற மாதிரி கொஞ்சம் சேர்த்திருக்கேன். என் தம்பிக்கும் ஒரு வரி. ஒழுங்கா அமையணும்னு ஆசையா இருக்கு. அரைகுறையா பாடினா மனசு கேக்காது. உங்க வீட்டுல சம்மதம் வேணும். அவங்க வரி இருக்கில்லையா."

மெக்கானிக் அப்பாவைப் பார்த்தான். டைம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் கண்ணாடியில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்" என்றார்.

"மாமா..."

"நாலு பேர்ல மூணு பேருக்குப் பாடுங்க. இந்த வீட்டை விட்டுடுங்க. பாடிப் பாடித்தானே போனா."

ஊசிக்கு நாக்கு நுனியில் பதில் இருந்தது. டீச்சர் அவள் முழங்கையைத் தொட்டாள். மெக்கானிக் போட்டுக் கொடுத்த டீயை முழுக்கக் குடித்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். வாசல்வரை போன மெக்கானிக், "நான் கேட்டுப் பாக்குறேன்" என்று மட்டும் சொன்னான். ஆனால் கேட்கவில்லை. என்னவென்று கேட்பது. அவனுக்குமே அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும்போலவும் இருந்தது, கேட்டால் விழுந்துவிடுவோம்போலவும் இருந்தது.

கூடத்தில் வேலை முடிந்த பிறகு ஒத்திகை நடந்தது. மெக்கானிக் வீட்டுக்குப் போகாமல், ஏதோ ஒரு மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு, பழுதே இல்லாத கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தான். டீச்சர் ஒரு சின்ன முக்கோணப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்தாள். அதில் ஒரு முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி டிக் டிக் என்று தாளம் சொல்லும். அதற்குச் சரியாக மிதிக்க வேண்டும், அதற்குச் சரியாகப் பாட வேண்டும்.

பட்டன்காரி எடுத்தாள். குண்டக்கா தொடர்ந்தாள். மூன்றாவது மெஷின் உறை போட்டு மூடிக் கிடந்தது. வேலை குறைந்துவிட்டதால் அங்கே யாரையும் உட்கார வைக்கவில்லை. லேட்டின் வரியை விட்டுவிட்டு ஊசி நேராகத் தன் வரிக்கு வர வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஆனால் ஊசி வரவில்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்லாருடைய காலும் நின்றது. பெட்டி மட்டும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டு போனது.

"ஏன் நின்னீங்க?" என்றாள் டீச்சர்.

"தெரியல டீச்சர். திரும்பப் பாடுவோம்."

திரும்பப் பாடினார்கள். அதே இடத்தில் நின்றார்கள். டீச்சரே லேட்டின் வரியைப் பாடிப் பார்த்தாள். அவள் தாளத்துக்குச் சரியாக எடுக்கும்போது மற்றவர்கள் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் முடித்த பிறகுதான் அவர்கள் கால் எழுந்தது. எல்லாம் குழறிப்போனது. குண்டக்கா, "எங்களுக்குக் கூறு இல்ல டீச்சர், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மெஷினுக்கு அடியிலிருந்து மெக்கானிக் குரல் கொடுத்தான். "அவங்க மேல தப்பில்ல டீச்சர்."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அவன் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"அவ மெஷினோட பெல்ட்டு நைஞ்சுபோனது. மிதிச்சா உடனே புடிக்காது, கொஞ்சம் வழுக்கிட்டுத்தான் சக்கரம் சுத்தும். சக்கரம் சுத்தினாத்தான் அவ வாயைத் திறப்பா. அதனால எப்பவும் ஒரு மிதி லேட்டு. இவங்க வருஷக்கணக்கா அவளுக்காக நின்னு நின்னு பழகிட்டாங்க. நிக்கிறோம்னே இவங்களுக்குத் தெரியாது."

"நீங்க மெக்கானிக்குதானே, பெல்ட்டை மாத்தியிருக்கலாமே" என்றாள் டீச்சர், குறை சொல்கிற தொனி இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டி.

"எத்தனையோ தடவை கேட்டேன். வேண்டாம்னுட்டா. 'இதுவும் என்னை மாதிரிதான், புடிக்க நேரமாகும், புடிச்சா விடாது'ன்னு சொல்லுவா." அவன் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகினான், திறந்தான், திரும்பவும் திருகினான். "அவ போனப்புறம் நான்தான் மாத்தினேன். புது பெல்ட்டு. மிதிச்ச உடனே ஓடுது. எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கல."

பஞ்சுத் தூசு இறங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் மேஜைக்குப் போய் அந்த முள்ளை விரலால் பிடித்து நிறுத்தினாள்.

"என் தம்பி தாளத்துக்கு முன்னால ஓடுவான்" என்றாள். "பாட்டு முடியறதுக்குள்ள அவன் முடிச்சுட்டு உக்காந்திருப்பான். தலையில குட்டுவேன். ஊர்வலத்துக்கும் முன்னாடியே போய் நின்னுட்டான்." சிரிக்கப் போனவள் அழுதாள். பெட்டியை மூடிப் பைக்குள் போட்டாள். "அவங்க வர்ற நேரத்துக்கே அவங்க வரட்டும். யாராவது பாடணும், அவ்வளவுதான்."

"அண்ணே பாடட்டும்" என்றாள் ஊசி.

"எனக்குப் பாட வராது."

"அவளுக்கு மட்டும் வந்துச்சா?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மெக்கானிக்கும் சிரித்துவிட்டான். சிரித்த வாயோடு சரி என்று தலையாட்டிவிட்டான்.

வீட்டில் அதைச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. ஊசியைத்தான் கூட்டிக்கொண்டு வந்தான். டைம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஊசி கேட்காமலே எதிரில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"மாமா, அண்ணன் பாடப்போறார்."

கத்தி நின்றது. மறுபடி ஓடியது. "பாடட்டும். எனக்கென்ன."

"நீங்களும் வரணும்."

"நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?" கத்தியைக் கீழே வைத்தார். "நான்தான்மா அனுப்பினேன். இதோ இந்தக் கடிகாரம். அவளுக்குத் தெரியாம முன்னால தள்ளி வச்சேன். மணி ஆச்சு, மணி ஆச்சுன்னு விரட்டி அனுப்பினேன். அவ பாட்டுக்கு லேட்டாப் போயிருந்தா பின்னால எங்கயாவது நின்னிருப்பா. திரும்பி வந்து, லேட்டாயிடுச்சு மாமான்னு வாசல்ல நின்னிருப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள அவர் முயலவில்லை. "ஊரு பூரா விசில் ஊதி அனுப்பினேன். எல்லாரும் போய்ச் சேர்ந்தாங்க. இவளை மட்டும் இப்படி அனுப்பிட்டேன்."

மெக்கானிக் சுவரில் சாய்ந்தான். ஒரு வருஷமாக இந்த மனிதர் இதைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். கடிகாரம் முன்னால் ஓடுவது அவனுக்கு எப்போதோ தெரியும். அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

ஊசி வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "முடிச்சுட்டீங்களா மாமா? நான் ஒண்ணு கேக்கவா? கூடத்துல ஊதுற சங்கு உங்க வீட்டுக்குக் கேக்குமா, கேக்காதா?"

"கேக்கும்."

"தினமும் சங்கு ஊதுறப்போ இந்தக் கடிகாரம் என்ன காட்டும்?"

"ஒரு டீ நேரம் முன்னால" என்றார் டைம்.

"நீங்க தள்ளி வச்ச மாசமே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு மாமா. 'எங்க மாமனார் கடிகாரத்துல ஒரு டீ நேரம் எனக்குன்னு ஒளிச்சு வச்சிருக்கார்டி'ன்னு எங்ககிட்ட வந்து சொல்லிச் சிரிச்சா. அந்த டீ நேரத்தைக் கழிச்சுட்டுத்தான் தினமும் பாத்தா. இல்லாட்டி இத்தனை வருஷம் எப்படி லேட்டா வந்திருப்பா?"

டைம் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குக் காலையில் அவள் அதைப் பார்த்துச் சிரித்தது அவருக்கு இப்போதுதான் விளங்கியது.

"உங்களுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு எங்களை மிரட்டி வச்சிருந்தா. மனசு ஒடிஞ்சுடுவாராம்." ஊசியின் குரல் இறங்கியது. "அன்னிக்கு அவ நேரத்தோட வந்தா மாமா. நாங்க எல்லாரும் வாயைப் பிளந்துட்டோம். 'என்னடி அதிசயம்'னு நான்தான் கேட்டேன். 'இதுக்கு லேட்டாப் போகக் கூடாதுடி'ன்னா. உங்க கடிகாரம் அனுப்பல. நீங்களும் அனுப்பல. அவளா வந்தா. அதை அவகிட்டேர்ந்து நீங்க எடுத்துக்காதீங்க."

டைம் கையை நீட்டி ஊசியின் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தார். லேட்டு வீட்டுக்கு வந்ததும் அவள் தலையிலிருந்து அப்படித்தான் எடுப்பார், திட்டிக்கொண்டே.

வருஷ நாளன்று காலை மெக்கானிக் முன்னதாகவே கூடத்துக்குப் போய்விட்டான். டூல் பெட்டியில் பழைய பெல்ட் இருந்தது. தூக்கிப்போட அவனுக்கு மனம் வந்திருக்கவில்லை. அதைத் திரும்ப மாட்ட வேண்டும்.

டைம் தனியாக இருந்தார். வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். பழைய விசிலைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், எதற்கென்று தெரியாமல். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைப் பின்னால் தள்ளி ஊர் நேரத்துக்கு வைத்தார். இனி இந்த வீட்டுக்கும் ஊருக்கும் ஒரே நேரம். பனிக்குள் எங்கேயும் ஒரு டீ நேரம் பாக்கி இல்லை. அது வலித்தது. ஆனாலும் நெஞ்சில் வைத்திருந்த பாரத்தை எங்கோ இறக்கிவிட்டது போலவும் இருந்தது.

டீ போட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஆற்றில் பனி நிறைந்து, பாலம் பாதியில் நின்றிருந்தது. கிளம்ப வேண்டுமே என்று கடிகாரத்தைப் பார்த்தார். அது முன்னால் ஓடுகிற கடிகாரமாயிற்றே, இன்னும் நேரம் இருக்கிறது என்று மனம் தானாகவே ஒரு டீ நேரத்தைக் கழித்துக்கொண்டது. ஆற அமர டீயைக் குடித்தார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்கி, தெருவில் கால் வைத்தபோது கூடத்துச் சங்கு ஊதியது.

அவர் அப்படியே நின்றார். அவருடைய வாழ்நாளில் எதற்குமே அவர் பிந்தியதில்லை.

ஓட்டமும் நடையுமாகப் போனார். பனிக்குள் முன்னால் பாட்டுக் கேட்டது. அது கூடத்திலிருந்து வருகிறதா, பாலத்திலிருந்து வருகிறதா, ஒரு வருஷத்துக்கு முன்னாலிருந்து வருகிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. செருப்பு ஒன்று கழன்றது. விட்டுவிட்டுப் போனார். அப்புறம் மற்றதையும் உதறினார்.

கூடத்தின் கதவு திறந்திருந்தது. ஊரே உள்ளே நின்றது. மெஷின்கள் எல்லாம் துணி இல்லாமல், நூல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. மாஸ்டருக்கு ஒரு வரி, இஸ்திரிக்காரருக்கு ஒரு வரி. டீச்சரின் தம்பி வரி வந்தபோது டீச்சர் வேண்டுமென்றே தாளத்துக்கு முன்னால் ஓடினாள். பிறகு பாட்டு ஜன்னல் வரிசைக்கு வந்தது.

"நூலே நூலே எங்க போறே."

"கிழிஞ்ச ஊரைத் தைக்கப் போறேன்."

மூன்றாவது மெஷினில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். மிதித்தான். பெல்ட் வழுக்கியது. வரிசையில் எல்லாருடைய காலும் நின்றது. அறையில் நின்றவர்களும், பாட்டைத் தெரியாதவர்கள்கூட, மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சக்கரம் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தது. மெக்கானிக் வாயைத் திறந்தான்.

குரல் வரவில்லை. உதடு அசைந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, குரல் மட்டும் வரவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊசி தன் வரியை எடுத்து அவனைக் காப்பாற்றியிருக்கலாம். எடுக்கவில்லை. அந்த வரி இல்லாமல் அவளால் போக முடியாது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, சுருதி எங்கேயோ, தாளம் எங்கேயோ.

"கொஞ்சம் நில்லு, நானும் வரேன்."

எல்லாரும் திரும்பினார்கள். டைம் கதவைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றிருந்தார். சட்டையெல்லாம் பனி ஈரம். இன்னொரு முறை, இந்த முறை மகனைப் பார்த்துப் பாடினார். மெக்கானிக்கின் குரல் வந்து அதோடு சேர்ந்துகொண்டது.

ஊசி தன் வரியைப் பிடித்தாள். பிறகு எல்லாரும் பாடினார்கள். போலாம் வா, போலாம் வா என்று கூடமே பாடியது.

சுற்று முடிந்ததும் குண்டக்கா நகர்ந்து உட்கார்ந்து, பெஞ்சில் அவருக்கு இடம் விட்டாள். தலை குனிந்தபடி வரிசைக்கு நடுவே நடந்து வந்த அவரைப் பார்த்து ஊசி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன மாமா இது, நீங்களா?"

"லேட்டாயிடுச்சும்மா" என்றார் டைம். "திட்டாதீங்க."

பட்டன்காரி மறுபடி முதலிலிருந்து எடுத்தாள்.